ராட்சசன் கிடைக்கவில்லை, சாணிதான் கிடைத்தது

கொட்டச்சேட்டில் ஒரு வீடு இருக்கிறது. ‘இருக்கிறது’ என்பது மரியாதைக்காகச் சொல்வது. கூரை போய்விட்டது, கூரையைத் தாங்கிய மரமும் போய்விட்டது, நான்கு சுவரில் ஒன்றரைதான் பாக்கி. நடுவீட்டில் உண்ணிச்செடி ஒன்று, பட்டா தன் பேரில் இருப்பதுபோல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சேலம் அடிவாரத்தில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இருபது முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று இறங்கிவிடுவார்கள். குப்பனூர் வழியாகப் போகிறவர்களுக்குத்தான் கொட்டச்சேடு கண்ணில் படும். காப்பித் தோட்டம், காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக், அந்த மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் மிளகுக்கொடி, கொஞ்சம் தேக்கு, ஒரு டீக்கடை. அந்த டீக்கடையில்தான் வீட்டைப் பற்றி விசாரித்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று வரலாறுகள் கிடைத்தன.

முதல் வரலாறு: முனி அடித்துவிட்டது. இரண்டாவது: வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தங்கத்தை அங்கே புதைத்துவிட்டுப் போனார்; அதைக் காக்கிற பாம்பு யாரையும் அங்கே குடியிருக்க விடுவதில்லை. மூன்றாவது: பங்காளி செய்வினை. மூன்றையும் சொன்னவர்கள் மூன்று பேர். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கவில்லை. வரலாற்று அறிஞர்களிடம் காணக் கிடைக்காத பண்பு.

பெஞ்சின் கடைசியில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கிளாஸை வைத்துவிட்டு, “பாக்கணுமா தம்பி? வாங்க, காட்டறேன்” என்று கொடுவாளோடு முன்னே நடந்தார்.

மேட்டில் ஏறிப் பார்த்தால் உண்ணிச்செடிக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு குழி.

“புதையலுக்குத் தோண்டுனாங்க.”

“ஏதாவது கெடச்சுதுங்களா?”

“மண்ணு கெடச்சுது. அதையும் மூடாம போயிட்டாங்க.”

சாமையும் கேழ்வரகும் விளைத்த வீட்டில் என்ன புதையல் இருக்கும்? இருந்திருந்தால் அவர்கள் ஏன் சாமை விளைத்திருப்பார்கள்? ஆனால் பாழடைந்த வீட்டைப் பார்த்தால் நமக்குப் புத்தி அப்படித்தான் போகிறது. ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் போனது என்றால் அதற்கு முனியோ, துரையோ, சூனியமோ, குறைந்தபட்சம் ஒரு கொள்ளை நோயோ காரணமாக இருந்தால்தான் நமக்குத் திருப்தி. தொல்லியல்காரர்களும் இதே குழியைத்தான் தோண்டுகிறார்கள். ஓரங்களை நேராக வெட்டுவார்கள், அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, குழி ஏற்கெனவே தயார். அடுக்கடுக்காக இறங்கிப் பார்க்கலாம்.

மேல் அடுக்கு: கோழியும் உரலும்

மேலே கிடந்தவை: பாக்குப் பொட்டலங்கள் (எண்ணவில்லை), பிராந்தி பாட்டில் இரண்டு, ஒற்றைச் செருப்பு, உடைந்த நாட்டு ஓடு, சிமெண்ட் சீட்டின் ஒரு மூலை. புதையல் தேடியவர்களின் நாகரிகம் எத்தகையது என்பதை இந்தப் பொருட்களே சொல்லிவிடும்.

அதற்குக் கீழே வீடு. ஒரு மூலையில் தரையோடு பதித்த கல். அதன் நடுவில் கிண்ணம் போல வழவழப்பான குழி. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆய்வாளன் விழித்துக்கொண்டான்.

“இது ஏதோ சடங்குக்கு வெச்சிருக்காங்க. எண்ணெய் ஊத்தி, விளக்கேத்தி...”

“அது உரலு தம்பி. எங்கம்மா சாமை குத்துனது.”

தொல்லியலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு பொருள் எதற்கு என்று தெரியாவிட்டால் ‘சடங்குப் பொருள்’ என்று எழுதிவிடுவது. நம் சமையலறையை நாலாயிரம் வருஷம் கழித்துத் தோண்டினால் இட்லித் தட்டு நிச்சயம் சடங்குப் பொருள்தான். அடுக்கடுக்காக, துளைகளோடு, நடுவில் ஒரு தண்டோடு வேறு இருக்கிறது. நவக்கிரக வழிபாடு என்று முனைவர் பட்டமே வாங்கிவிடலாம்.

நான் விடவில்லை. வெளியே வட்டமாக ஒரு கல் அடுக்கு. “இது காவல் மேடையோட அஸ்திவாரம் மாதிரி தெரியுதுங்க.”

“கோழிக்கூடு.”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. “உங்கம்மா உரலுன்னா... இது உங்க வீடுங்களா?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் டீக்கடையில ஒண்ணுமே சொல்லலை?”

“யாரும் கேக்கலையே. முனி கதை நல்லா இருந்துச்சு, நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

ஏன் காலி செய்தார்கள் என்று உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆய்வாளனுக்கு அழகு, சாட்சி பக்கத்திலேயே நின்றாலும் கல்லைக் குடைவதுதான். என்னென்ன எடுத்துப் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். கதவு, நிலை, சன்னல், நல்ல ஓடுகள், மரச்சட்டம், பித்தளைக் குடம், சாமி படம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். விட்டுப்போனவை உரல், உடைந்த அம்மிக்கல், அடுப்புக்கல் மூன்று.

அதாவது, நான் தடவித் தடவிப் பார்த்ததெல்லாம் அவர் வேண்டாம் என்று விட்டது, அல்லது தூக்க முடியாமல் விட்டது. யோசித்தால் உழவர்களைப் பற்றி நாம் அறிந்த பழங்கதை முழுக்க இந்த இரண்டு வகைச் சாமான்களில்தான் நிற்கிறது. ராஜா போகும்போது கல்வெட்டு வெட்டி வைத்துவிட்டுப் போகிறான். குடியானவன் அம்மியை விட்டுவிட்டுப் போகிறான். முன்னதில் பொய் இருக்கும். பின்னதில் அரைத்த தேய்மானம் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாம் அடுக்கு: செத்தபின் வந்தவர்

ஏற்காட்டைக் ‘கண்டுபிடித்தவர்’ யார் என்று தேடுங்கள். சுற்றுலாக் கையேடுகள் பல ஒரே குரலில் சொல்லும்: சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ, 1842ஆம் ஆண்டு.

மன்றோ நல்ல மனிதர். இளவயதில் பாரமகாலில், அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக, இந்த மலைகளைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே நில வரி போட்டவர். ரயத்துவாரி முறைக்குப் பேர் போனவர். எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல்: அவர் 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். 1842இல் அவர் ஏற்காட்டைக் கண்டுபிடித்திருந்தால், இறந்து பதினைந்து வருஷம் கழித்து, சென்னையில் தன் சிலை நிறுவப்பட்டு மூன்று வருஷம் ஆன பிறகு, மலையேறி வந்திருக்க வேண்டும். அந்தச் சிலைக் குதிரைக்கு அங்கவடி இல்லை என்று ஊரே இரண்டு தலைமுறையாகச் சிரிக்கிறது. அங்கவடி இல்லாத குதிரையில், அந்தக் காலத்து மலைப்பாதையில், ஆவியாக ஏறிய ஒரே கவர்னர் அவர்தான். டீக்கடையில் கேட்ட முனி கதைக்கு இப்போது அரசாங்க ஆதரவே கிடைத்துவிட்டது.

உயிரோடு வந்தவர் எம்.டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் என்பதால் ‘ஏற்காட்டின் தந்தை’ என்று பட்டம். பிள்ளைகள் மலையில் பல நூறு வருஷமாகவே இருந்தார்கள். தந்தைதான் தாமதமாக வந்து சேர்ந்தார். அவர் பேரோடு சேர்த்துப் பேசப்படும் கிரேஞ்ச் பங்களா கோட்டை மாதிரி இருக்கும். 1857 சிப்பாய்க் கலகத்தின்போது வெள்ளைக்காரர்கள் அதில் ஒளிந்துகொள்ள ஏற்பாடு நடந்ததாகவும், ஆறு மாதத்துக்குச் சாப்பாடு சேர்த்துவைத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். மீரட் எங்கே, ஏற்காடு எங்கே? கலகம் செய்த சிப்பாய் எவனும் இவ்வளவு தூரம் நடந்து வந்து, மூச்சு வாங்க மலையேறி, காப்பித் தோட்டத்து மதிலைத் தாண்டிக் குதிக்கப் போவதில்லை. ஆனாலும் பயத்துக்குத் தூரம் தெரியாது. பெரிய வீட்டில் இருப்பவனுக்குத் தன்னைத் தேடி வரலாறே கிளம்பி வருவதாகத்தான் தோன்றும்.

காப்பிக்குப் பின்னால் மற்றவை வந்தன. பாழ்வீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தேன். காப்பியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரத்துக்காகக் கப்பலேறி வந்து, இறங்கிய இடத்திலெல்லாம் வீட்டுக்காரனான செடி. மிளகு மட்டும் பக்கத்து மலைச் சொந்தம். ஆக, இந்த மேட்டில் மண்ணின் மைந்தர் என்று சொல்ல என் பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர்தான்.

“நாங்களா? நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க தம்பி” என்றார்.

மூன்றாம் அடுக்கு: நாய் சொன்ன சேதி

இந்தச் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். புட்டு, கடலைக்கறி மலையாளிகள் அல்ல. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேச்சு தமிழ், பட்டம் கவுண்டர், மலை மூன்று நாடு: சேல நாடு, மோக நாடு, முட்டு நாடு. சாமி சேர்வராயன்; பக்கத்திலேயே காவேரியம்மன்; மே மாதம் திருவிழா.

அவர்கள் வந்த கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிப் புத்தகத்திலும் காணலாம், கொட்டச்சேட்டு டீக்கடையிலும் கேட்கலாம். டீக்கடைப் பதிப்பு சுவையாக இருக்கும். காஞ்சிபுரத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் வேட்டைக்குப் போனார்கள், நாய்களோடு. காட்டில் பெருமழை பிடித்துக்கொண்டது. அண்ணன் தம்பிகள் ஒதுங்கி நின்றார்கள். நாய்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, வீட்டுக்கு ஓடிவிட்டன. நாய் மட்டும் தனியாக வந்ததைப் பார்த்த பெண்டாட்டிமார்கள் புருஷன்மார் செத்துப்போனார்கள் என்று முடிவுகட்டி, வீட்டுக்குத் தீ வைத்துத் தாங்களும் விழுந்துவிட்டார்கள். மழை விட்டு அண்ணன் தம்பிகள் வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் சாம்பல். வேறு பெண் கட்டிக்கொண்டு மூன்று பேரும் மூன்று மலைக்குப் போனார்கள்: பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும்.

ஒரு மலைக்கூட்டத்தின் வரலாறே ஒரு பாழ்வீட்டில், அதன் சாம்பலில் தொடங்குகிறது என்று நினைத்ததும் எனக்குப் புல்லரித்தது. பெரியவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

“நாய் முன்னாடி வந்துச்சுன்னா மழை பேயுதுன்னு அர்த்தம். அவசரப்பட்டுட்டாங்க” என்றார்.

இன்னொரு கதையும் இருக்கிறது. கரிராமன் என்ற சாமிக்குக் காஞ்சிபுரத்தில் இருக்க வசதிப்படவில்லை. கிளம்பி மலைக்கு வந்துவிட்டார். அடியார்கள் பின்னாலேயே வந்தார்கள். இந்தக் கதையில் தீ இல்லை, நாய் இல்லை, கண்ணீர் இல்லை. சாமி வீடு மாற்றினார், அவ்வளவுதான். இரண்டில் எது அதிகம் பேசப்படுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தீப்பிடித்த வீடு கதையாகும். வசதிப்படாமல் காலி செய்த வீடு யாருக்கு வேண்டும்?

நான்காம் அடுக்கு: பிள்ளையாரின் ஆயுதக் கிடங்கு

இனி ஆழமாக இறங்குகிறோம். இங்கே வழிகாட்டி ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்தியாவின் முன்வரலாற்று ஆய்வுக்கு அப்பா. 1863 மே 30 அன்று பல்லாவரம் பரேடு மைதானத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது கற்காலக் கைக்கோடரி. அன்று முதல் இந்தியாவின் வயது லட்சக்கணக்கில் கூடிவிட்டது. இன்று பல்லாவரத்தில் குனிந்தால் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய செல்போன் கிடைக்கும், காலம் முன்னேறிவிட்டது.

ஓய்வு பெற்ற பின் ஃபுட் ஏற்காட்டில் குடியேறினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். சாம்பல் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவர், 1882இல் இதே ஏற்காட்டில் காலமானவர். மாமனார் பழமொழி பொறுக்கினார். மருமகன் கல் பொறுக்கினார். அந்த வீட்டில் எதுவும் வீணாகப் போயிருக்காது.

சேர்வராயன் மலையில் ஃபுட்டுக்குக் கிடைத்தவை புதிய கற்காலக் கோடரிகள். வழவழவென்று தேய்த்து முனை கூராக்கிய கற்கள். காட்டை வெட்டி, நிலம் கொத்தி, முதன்முதலில் விவசாயம் செய்தவர்களின் சாமான். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மலைவாசிகள் காட்டில் கண்டெடுத்த இந்தக் கற்களைச் சின்னச் சின்னக் கோயில்களில், பிள்ளையாருக்கு முன்னால் குவித்து வைத்திருந்தார்கள். இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்று ஐரோப்பாவில் இதே மாதிரிக் கற்களைக் கூரையில் சொருகி வைத்ததும் உண்டு. நம் ஆட்கள் விளக்கம் சொல்லிச் சிரமப்படவில்லை. இதை யாரோ மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள், தூக்கிப்போட மனசு வரவில்லை, பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று வைத்துவிட்டார்கள். உலகத்தில் அருங்காட்சியகம் இப்படித்தான் தொடங்கியிருக்கும். இங்கே காப்பாளருக்கு ஒரு தேங்காய் போதும். சம்பள கமிஷன் கிடையாது.

அந்த முதல் விவசாயிகள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க இந்த மலையிலிருந்து வடக்கே திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளிக்குப் போகவேண்டும். 1960களில் எஸ்.ஆர். ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. பாறையும் மண்ணுமான தரையில் குழி வெட்டி, மேலே கூரை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் யாரோ அடுப்பில் வைத்துத் தீயவிட்ட கொள்ளு. அன்றைக்கு வாங்கிய வசவு கிடைக்கவில்லை, கொள்ளு கிடைத்தது. சங்கனக்கல்லு போன்ற கர்நாடகப் புதிய கற்கால ஊர்களில் குலைசாமையும் கிடைத்திருக்கிறது. இன்று அதே குலைசாமை கண்ணாடிக் கடையில் அரைக் கிலோ பொட்டலமாக, ‘பாரம்பரியம்’ என்று முத்திரை குத்தி உட்கார்ந்திருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். “சாமைச் சோத்துக்குப் பயந்துதான் ரேசன் அரிசிக்கு மாறுனோம். இப்ப டவுன்ல அதைக் காசு குடுத்துத் திங்கறாங்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. என் மனைவி நேற்றுத்தான் வாங்கியிருந்தாள்.

அடிமண்: ராட்சசன்

இப்போது இந்தக் கட்டுரையின் நாயகன் வரும் நேரம். அதற்குப் பெல்லாரிக்குப் போகவேண்டும்.

பெல்லாரிப் பக்கம், குடத்தினி போன்ற ஊர்களில், வெட்டவெளியில் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. கைப்பிடிச் சாம்பல் அல்ல. வீடு உயரத்துக்கு, கெட்டியாக உருகி இறுகிய சாம்பல். இதென்ன என்று உள்ளூரில் கேட்டால் நல்ல கதை வரும்: பீமன் இடும்பாசுரனைக் கொன்றான் அல்லவா, அவனை எரித்த சாம்பல். ராட்சசன் என்றால் இவ்வளவாவது மிஞ்ச வேண்டாமா?

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ராட்சசனை நம்பவில்லை. ராபர்ட் சீவெல் வந்தார், 1899இல் எழுதினார், பிணம் எரித்த சாம்பலாக இருக்க வேண்டும், விஜயநகர காலத்துக் கூட்டு உடன்கட்டையாக இருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தார். அடுத்த வருஷம், 1900இல், விஜயநகரத்தைப் பற்றி அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வெளிவந்தது. ராத்திரி பகலாக விஜயநகரத்தை எழுதிக்கொண்டிருந்த மனிதருக்குச் சாம்பலிலும் விஜயநகரமே தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. டீக்கடைக்காரருக்கு முனி, சீவெலுக்கு மகாராஜா.

ஃபுட் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: சாணி.

பழங்கால விவசாயிகள் மாட்டைப் பட்டியில் அடைத்தார்கள். மாடு, மாடு செய்வதைச் செய்தது. சேர்ந்த சாணிக்கு அவ்வப்போது தீ வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படி எரித்ததில் மேடு எழுந்தது. யாருக்கும் இது பிடிக்கவில்லை. உடன்கட்டையும் ராட்சசனும் போய்ச் சாணி என்றால் யாருக்குப் பிடிக்கும்? பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். கடைசியில் 1957இல் ரேமண்ட் ஆல்சின் தெலங்கானாவின் உட்னூரில் ஒரு மேட்டை முறைப்படி வெட்டினார். சுற்றிலும் மரக்கம்பம் நட்ட பட்டியின் தடம். உள்ளே, சாம்பலில், மாட்டின் குளம்படி. நாலாயிரம் வருஷத்துக்கு முன் நடந்த மாடு, நேற்று நடந்ததுபோல். ஃப்ரெடரிக் சாய்னர் 1960 வாக்கில் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார், சாணியேதான். பெருமாடுகளைத் தீயைத் தாண்டவைக்கும் நம் பொங்கல், போகி மாதிரியான விழாவாகவும் அந்தத் தீ இருந்திருக்கலாம் என்று ஆல்சின் கருதினார். பிறகு 1990களில் கர்நாடகத்தின் புதிகாலில் கே. பத்தய்யா தோண்டியபோது சாம்பல் மேட்டின் பக்கத்திலேயே வீடுகளும் வெளிப்பட்டன. மாட்டுப்பட்டி, அதையொட்டி வீடு. கிராமம் என்பது அன்றும் அதுதான்.

2022இல் மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நமக்கெல்லாம் பெருமை, சந்தேகமே இல்லை. அதே காலத்துச் சாணியை எந்தச் சட்டமன்றத்திலும் அறிவிக்க மாட்டார்கள். ஆனால் இரும்பை அடித்தவன் மத்தியானம் எதைச் சாப்பிட்டான்? அந்தக் கணக்கு வாளில் இல்லை. உரலிலும் பட்டியிலும் இருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் யார்க்‌ஷையர் பக்கம் வாரம் பெர்சி என்று ஒரு பாழூர். இப்படிப்பட்ட ஊர்கள் கொள்ளை நோயில்தான் அழிந்திருக்க வேண்டும் என்று பொதுவாக நம்பினார்கள். பெரெஸ்ஃபோர்டு, ஹர்ஸ்ட் என்ற இருவர் 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் குடியானவர் வீடுகளைத் தோண்டினார்கள். நாற்பது கோடை. விடை: ஆடு. கம்பளிக்கு நல்ல விலை வந்தது. பண்ணையார் ஆளை அனுப்பிவிட்டு ஆட்டை விட்டார். பிளேக்குக்குத் தப்பியவர்களைச் செம்மறி காலி செய்துவிட்டது.

குடம்

வெயில் இறங்கத் தொடங்கியது. கடைசியில் எனக்கே வெட்கமாகி, முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“நீங்க ஏங்கய்யா இந்த வீட்டைக் காலி பண்ணீங்க?”

பெரியவர் கொடுவாளால் கீழே சரிவைக் காட்டினார். “ஊத்து அங்க இருக்கு. அங்கிருந்து இங்க குடம் தூக்கணும். எங்கம்மா தூக்குச்சு. அப்புறம் எம் பொண்டாட்டி தூக்குச்சு. ஒரு நாளைக்கு நாலு நடை, அஞ்சு நடை. அப்புறம் ரோட்டோரமா தண்ணிக் குழாய் போட்டாங்க. அன்னைக்கே சொல்லிருச்சு. நான் கொழாயடிக்குப் பக்கத்துல குடிசை போட்டுக்கறேன், நீ வேணா இந்தச் சுவத்தோட இருந்துக்கோன்னு.”

“நீங்க?”

“ஒரு வாரம் இருந்து பாத்தேன். சுவரு சோறாக்கலை.”

முனி இல்லை. துரை இல்லை. செய்வினை செய்யும் அளவுக்குப் பங்காளிகளிடம் காசும் இல்லை. மலைக்குடியிருப்பு ஒன்றை முடித்துவைத்தது இடுப்பில் ஒரு குடம். இதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது, ஏனென்றால் குடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊற்றுக்கும் வீட்டுக்கும் இடையே நடந்து நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதை மட்டும் உண்ணிச்செடிக்குள் இன்னும் லேசாகத் தெரிந்தது.

கிளம்பும்போது பெரியவர் புதையல் குழியைக் கைகாட்டினார். நேற்றைய மழையில் அதில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. விளிம்பு முழுக்கச் சேறு மிதிபட்டு, என் உள்ளங்கையைவிட அகலமான குளம்படிகள். பக்கத்தில், யாரும் தப்பாக நினைக்க வழியில்லாமல், புத்தம்புதிய சாணம்.

“காட்டெருமை. ராத்திரி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகுது.”

நாலாயிரம் வருஷம் கழித்து யாராவது இந்த மேட்டைத் தோண்டுவார்கள். உரல், அடுப்பு, கோழிக்கூடு, நடுவீட்டில் தொட்டி, சுற்றிலும் ராட்சதக் குளம்படி எல்லாம் கிடைக்கும். கொட்டச்சேட்டுக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே காட்டெருமை கட்டிப் பால் கறந்தார்கள் என்று எழுதி, கைதட்டு வாங்குவார்கள். நான் இதைச் சொல்லிச் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“புதையல் எடுக்க வந்தவன் தோண்டித்தான் வீட்டு வாசல்லயே தண்ணி நிக்குது. எம் பொண்டாட்டிகிட்ட சொன்னா அடிக்க வரும்” என்றார்.